கல்லடியில் படித்த டொச்

"எனக்குக் குளிர்கிறது" என்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொல்ல நான் படித்தது ஒரு வைகாசி மாதத்து மத்தியானத்தில். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தாலும் புழுக்கம், மூடினாலும் புழுக்கம். பெரியப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு கேட்டார்: "குளிருது எண்டு டொச்சில சொல்லு பாப்பம்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வசனத்தை எடுத்து, அதில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டொச் சொல்லை வைத்தேன். "இஹ் பின் கல்ட்." இஹ் என்றால் நான். பின் என்றால் இருக்கிறேன். கல்ட் என்றால் குளிர்.

"அது பிழை. நீ அன்பில்லாத ஆள், கல்நெஞ்சக்காரி எண்டு அவங்களுக்கு விளங்கும். தமிழில என்னெண்டு சொல்லுவாய்?"

"எனக்குக் குளிருது."

"பிறகேன் புள்ள இங்கிலீசுக்குள்ளால சுத்திப் போறாய்? மீர் எண்டா எனக்கு. மீர் இஸ்ட் கல்ட். நேராப் போ."

அந்த ஒரு வசனத்தால்தான் இன்று எங்கள் வீட்டு விறாந்தையில் வாரத்தில் மூன்று பின்னேரம் ஆறேழு பேருக்கு டொச் அடிப்படை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் அரைவாசிப் பேர் முதல் நாள் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "இங்கிலீஷே வராது ரீச்சர், டொச் எப்படி வரும்?" இந்தக் கட்டுரையை அந்த வசனத்துக்குப் பதிலாகத்தான் எழுதுகிறேன். தமிழில் படித்து, தமிழ் இலக்கணம் ஓரளவு தெரிந்த ஒருவருக்கு ஜேர்மன் மொழியின் கதவு பாதி திறந்தே கிடக்கிறது. இங்கிலீஷ் வழியாகப் போனால்தான் அது மூடியிருப்பதுபோலத் தெரியும்.

நான் படிக்கத் தொடங்கியது விசாவுக்காக அல்ல. அண்ணன் ஜேர்மனியில் இருக்கிறார். அவருடைய மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகிறவள். தமிழ் கேட்டால் கொஞ்சம் விளங்கும், பேச வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் அவளும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா கையைக் காட்டுவார், அவளும் கையைக் காட்டுவாள். அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போவார். அழைப்பு முடிந்ததும் அம்மா கொஞ்ச நேரம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு அந்தப் பாஷையைப் படிக்க வேண்டும் என்று வந்தது.

முதலில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எல்லா விளக்கமும் இங்கிலீஷில். எங்களில் பலருக்கு அந்த விளக்கத்தை விளங்கிக்கொள்வதே பெரும்பாடு. பரீட்சையில் கேட்கும் கேள்விகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இரண்டு மாதம் போனபின் என்னால் என் பெயர், வயது, ஊர், பொழுதுபோக்கு எல்லாம் கடகடவென்று சொல்ல முடிந்தது. மருமகள் திரையில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எனக்கு எதுவும் ஓடவில்லை. அடுத்த வாரமே பெரியப்பாவிடம் போனேன்.

பெரியப்பா 1985இல் போனவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் போன அதே வழி: கிழக்கு பெர்லினில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்கு. மதில் அப்போது நின்றுகொண்டிருந்தது. முப்பது வருசத்துக்கு மேல் அங்கே உழைத்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். ஒரு நாள்கூட வகுப்புக்குப் போய் டொச் படித்தவர் அல்ல. பாத்திரம் கழுவிய சமையலறையிலும் பிறகு வேலை செய்த தொழிற்சாலையிலும் காதால் படித்தவர். எந்தச் சொல் ஆண்பால், எது பெண்பால் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் உண்டு, அதை அவரே சொல்வார். ஆனால் வசனத்தின் ஓட்டம் அவர் வாயில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வரும். பாலை நான் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன், ஓட்டத்தை அவரிடமிருந்து எடுத்தேன்.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். டொச் நெடுங்கணக்கில் இங்கிலீஷின் அதே 26 எழுத்து. அதோடு தலையில் இரண்டு புள்ளி வைத்த மூன்று உயிர் எழுத்துகள், பிறகு 'ஸ்' சத்தம் தரும் 'எஸ்ட்செட்' என்ற ஒன்று. இங்கிலீஷில் முதல் எழுத்தின் பெயர் 'ஏ'. டொச்சில் அதே எழுத்தின் பெயர் 'ஆ'. இங்கிலீஷில் 'ஈ' என்பதை டொச்சில் 'ஏ' என்கிறார்கள், 'ஐ' என்பதை 'ஈ' என்கிறார்கள். இங்கிலீஷ் பழகியவருக்கு இது தலைசுற்று. ஆனால் அந்த ஐந்து பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. எங்கள் நெடில் எழுத்துகள்! முதலாம் வகுப்பில் படித்தது. பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும்பும், அதைக் கேட்க எனக்கு ஆசை.

குறில் நெடிலும் அப்படித்தான். டொச்சில் உயிரை நீட்டினால் பொருள் மாறும். 'மிட்ட' என்றால் நடு, 'மீட்ட' என்றால் வாடகை. 'ஒஃபன்' என்றால் திறந்திருக்கிறது, 'ஓஃபன்' என்றால் அடுப்பு. 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' நாடு. படி, பாடி என்று பழகிய நாக்குக்கு இதில் புதிதாக ஒன்றுமே இல்லை. எழுத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உயிருக்குப் பின்னால் மெய் இரட்டித்து வந்தால் குறில், உயிரே இரட்டித்தாலோ பின்னால் ஒரு 'ஹா' எழுத்து நின்றாலோ நெடில். 1996இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது எஸ்ட்செட்டையும் இதே கணக்கில்தான் வைத்தார்கள்: நெடிலுக்குப் பின் எஸ்ட்செட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ். (சுவிசில் இருக்கும் உறவுக்காரருக்கு எழுதுகிறவர்கள் எஸ்ட்செட்டை மறந்துவிடலாம். அங்கே அதை எழுதுவதே இல்லை.)

தலையில் புள்ளி வைத்த உயிர்களுக்கு ஒரு வழி. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், ஊதப் போவதுபோல உதட்டை மட்டும் குவியுங்கள். யூ எழுத்தில் புள்ளி வைத்த சத்தம் வந்துவிடும். 'ஏ' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் ஓ எழுத்தில் புள்ளி வைத்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்ய வேண்டும். 'நஹ்ட்' என்ற சொல்லில், அதாவது இரவில், தொண்டையில் உரசுகிற சத்தத்துக்கு 'அஃது' என்று ஆய்தத்தை அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். 'இஹ்' என்பதில் அதே எழுத்து தொண்டையை விட்டு மேல்வாய்க்கு வந்து, 'ய்' என்று மூச்சை மட்டும் விட்டதுபோல மெலிந்து கேட்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் தமிழ் எழுத்து எங்களை ஏமாற்றும். டொச் சொற்களைக் கொப்பியில் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் எல்லாரிடமும் உண்டு, என்னிடமும் இருந்தது. முள்ளுக்கரண்டியும் 'காபல்', மின்கம்பியும் 'காபல்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, அவர்களுக்கு முதல் எழுத்தே வேறு. பாண் சுடுவதும் 'பக்கன்', பெட்டி கட்டுவதும் 'பக்கன்'. இந்தக் கட்டுரைக்காக நான் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் கொப்பியில் எழுதாதீர்கள். முதல் வாரத்திலிருந்தே அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள். ககரத்தையும் பகரத்தையும் அடித்தொண்டையிலிருந்து ஒரு முறை, உள்ளங்கையில் காற்றுப் படும்படி ஒரு முறை என்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மட்டும் ஒரு மாதம் போகும். போகட்டும்.

இனிப் பால். எல்லாரையும் பயப்படுத்துகிற இடம் இதுதான்.

டொச்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டஸ் என்று மூன்றில் ஒன்று வரும்: ஆண்பால், பெண்பால், இரண்டும் இல்லாதது. கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. உயர்திணை அஃறிணை என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிற எங்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை, "கரண்டிக்கு என்ன ரீச்சர் மீசையா இருக்கு?" என்று கேட்டாள். பெண்பிள்ளை என்பதற்கான 'மேட்ஹன்' என்ற சொல் இரண்டும் இல்லாத பாலில் இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

மேட்ஹனுக்குக் காரணம் உண்டு. 'ஹன்' என்று முடிகிற குறுமைப் பெயர்கள் எல்லாம் 'டஸ்'தான், ஆளென்றும் பார்ப்பதில்லை, பொருளென்றும் பார்ப்பதில்லை. இந்த 'ஹன்' எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் கப்பல் முதலில் வந்து நின்றது 1602இல் மட்டக்களப்பில்தான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய மொழி டொச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்றும் எங்கள் வாயில் இருக்கின்றன. சந்தையில் வாங்கும் போஞ்சி அவர்களுடைய 'போன்ச்ய', மேசை லாச்சி அவர்களுடைய 'லாச்ய'. அந்த இரண்டு சொல்லின் வாலில் இருப்பதும் டொச் 'ஹன்' செய்கிற அதே குறுமை வேலைதான்: குட்டிப் பயறு, குட்டி இழுப்பறை. டொச்சில் போஞ்சிக்குப் பெயர் 'போன', லாச்சிக்கு 'ஷுப்லாட'. கந்தோருக்கு அவர்களிடம் 'கொன்டோர்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. கக்கூசின் வாலில் இருக்கிற 'ஊஸ்', டொச்சில் வீட்டைக் குறிக்கிற 'ஹவுஸ்'தான். முதல் நாள் வகுப்பில் இந்த நாலு சொல்லையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன். ஒன்றும் தெரியாது என்று வந்தவர்கள் நாலு சொல் தெரிந்தவர்களாக உட்காருவார்கள்.

பாலை மனத்தில் வைக்க நான் செய்தது குசினி முழுக்கத் தாள் ஒட்டியது. டேருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டஸ்ஸுக்குப் பச்சை. குளிர்சாதனப் பெட்டியில் நீலம், கதவில் சிவப்பு, யன்னலில் பச்சை. சோறு நீலம், மீன் நீலம், சீனி நீலம், பால் சிவப்பு, உப்பும் தண்ணீரும் பச்சை. அம்மா முதலில், "என்னகா இது, கத்திக்கு மட்டும் பச்சை?" என்று கேட்டார். இரண்டு கிழமையில் அவருக்கே பாடமாகிவிட்டது. மீன் வெட்டிக்கொண்டு, "டேர் ஃபிஷ்" என்பார். நான் படிக்கவே சொல்லாத ஒரு மாணவி எனக்குக் கிடைத்தது அப்படித்தான். விதி தெரிந்துகொள்வதும் உதவும்: 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷஃப்ட்' என்று முடிந்தால் டீ, நாட்களும் மாதங்களும் டேர். ஆனால் சொல்லையும் பாலையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிடுவதுதான் நிரந்தர வழி. 'டூர்' என்று படிக்காதீர்கள், 'டீ டூர்' என்று படியுங்கள்.

அந்தச் சொற்களைக் கூட்டும் விதம் வேறு எங்கள் தொகைச்சொல் மாதிரி. தண்ணீர்க்குடம் என்றால் அது குடம்தான், தண்ணீர் அல்ல. டொச்சிலும் கடைசிச் சொல்தான் ஆள், பாலும் அதனுடையதுதான். 'கை' என்ற சொல்லோடு 'சப்பாத்து' சேர்ந்தால் கையுறை. நோயாளிகளோடு வீடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி. கேடயத்தோடு தேரை சேர்ந்தால் ஆமை. பக்கத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளும் சொல்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, வாலிலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

வேற்றுமைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டொச்சில் நாலு வேற்றுமை, எங்களுக்கு எட்டு. எட்டு வைத்திருக்கிறவர்கள் நாலைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? 'அக்குசடிஃப்' என்று அவர்கள் சொல்வது எங்கள் ஐ உருபு. 'டாடிஃப்' என்பது கு உருபு. மனிதன், மனிதனை, மனிதனுக்கு என்பது டேர் மன், டேன் மன், டேம் மன். நாங்கள் சொல்லின் வாலில் கட்டுவதை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் எந்தெந்த வினைச்சொல்லுக்கு டாடிஃப் வரும் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வார்கள். எங்களுக்குப் பட்டியல் வேண்டாம். உனக்கு உதவுகிறேன், உங்களுக்கு நன்றி, அவருக்குப் பதில் சொன்னேன், இது எனக்குச் சொந்தம், எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வசனங்களில் 'கு' வருகிற ஒவ்வொரு இடத்திலும் டொச்சில் டாடிஃப் வருகிறது. முதல் தடவை இதைக் கண்டபோது கொப்பியை மூடிவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருசமாகப் பேசிய வசனங்கள், ஆனால் அப்படி யோசித்ததே இல்லை என்றார்.

வினைச்சொல்லின் இடமும் இப்படித்தான். சாதாரண வசனத்தில் வினை இரண்டாம் இடத்தில் வர வேண்டும். முதலில் 'நாளைக்கு' வந்தாலும் 'கொழும்புக்கு' வந்தாலும், அடுத்தது வினைதான். இது எங்களுக்குப் புதிது, பழக வேண்டும். ஆனால் 'ஏனென்றால்' என்று ஒரு காரணம் சொல்லத் தொடங்கினால் வினை ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொள்ளும். நான் ஏன் டொச் படிக்கிறேன் என்று பெரியப்பா கேட்டதற்கு நான் சொன்ன பதில்: 'வைல் இஹ் மிட் மைனர் நிஹ்ட டொய்ச் ஷ்ப்ரெஹன் மொஹ்ட.' வைல் என்பதை எடுத்துவிட்டு மற்றதை வரிசையாகத் தமிழில் வையுங்கள்: நான், என் மருமகளோடு, டொச், பேச, விரும்பு. இங்கிலீஷ்காரர் இந்த வசனத்தைக் கட்ட வீட்டையே பிரித்து மேய வேண்டும். எங்கள் 'விரும்புவதால்' என்பதில் காரணம் காட்டும் அந்த 'ஆல்' மட்டும் முன்னுக்குப் போய் 'வைல்' ஆகிறது, மற்றது எதுவும் அசையவில்லை.

(அந்த 'நிஹ்ட' என்ற சொல்லுக்கு மருமகள் என்றும் பெறாமகள் என்றும் இரண்டு பொருளும் உண்டு. மாமி, சித்தி, பெரியம்மா எல்லாருமே 'டன்ட'. உறவுமுறையில் அவர்கள் ஏழைகள்.)

தமிழ் வழுக்கி விடுகிற இடங்களும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. 'நான் ரீச்சர்' என்று நாங்கள் வினை இல்லாமலே வசனத்தை முடிப்போம். டொச்சில் 'இஹ் பின் லேரரின்' என்று அந்த 'பின்' வந்தே ஆக வேண்டும். என் மாணவிகளின் எழுத்தில் நான் திருத்துகிற பிழைகளில் அதிகம் இதுதான். 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்பதை 'மீர்' போட்டுத் தொடங்கினால் பிழை. அவர்கள் 'இஹ் ஹாப' என்று, பிள்ளைகளை வைத்திருக்கிறேன் என்பதுபோலத்தான் சொல்வார்கள். சோறு சாப்பிட்டேன் என்று நாங்கள் ஐ உருபை விழுங்கிவிடுவோம், அவர்கள் விழுங்குவதில்லை. அங்கே அது 'டேன் ரைஸ்', சோற்றை.

எண்களில் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். இருபத்தொன்றை அவர்கள் ஒன்றும்-இருபதும் என்று புரட்டிச் சொல்வார்கள். எழுதத் தொடங்கும்போது முதலில் கேட்டது ஒன்று, முதலில் எழுத வேண்டியது இரண்டு. இதற்குப் பெரியப்பா கல்லடிப் பாலத்தருகே என்னை நிறுத்தி, போகிற வாகனங்களின் இலக்கத் தகட்டை இரண்டு இரண்டு இலக்கமாக வாசிக்க வைத்தார். ஒரு மாதம் பின்னேரம் பின்னேரமாக வாசித்தேன். ஓட்டோ என்றால் வாசிக்க நேரம் கிடைக்கும், மோட்டார் சைக்கிள் பறந்துவிடும்.

நேரத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. வேலைக்குப் போன முதல் நாள் 'ஹல்ப் அஹ்ட்' வரச் சொன்னார்களாம். ஹல்ப் அரை, அஹ்ட் எட்டு. எட்டரைக்குப் போய் நின்றார். அது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது என்பது அவர்களுடைய கணக்கு. அந்த நாட்டின் கிழக்கிலும் தெற்கிலும் சில இடங்களில் ஏழே முக்காலை 'எட்டுக்கு முக்கால்' என்கிற மாதிரி 'ட்ரைஃபியர்டெல் அஹ்ட்' என்பார்கள். முதல் நாளே ஒரு மணித்தியாலம் பிந்திய அந்தக் கவலை முப்பது வருசம் கழித்தும் பெரியப்பாவின் முகத்தில் இருந்தது. நான் இன்றுவரை ஒரு பிள்ளையையும் 'ஹல்ப்' சரியாகச் சொல்லாமல் அடுத்த பாடத்துக்கு விட்டதில்லை.

பரீட்சை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன், பிறகு எழுதினேன். கொழும்பு 7இல் இருக்கும் கோத்தே நிறுவனத்துக்கு இரவு பஸ்ஸில் போனேன். ஏ1 என்கிற முதல் நிலையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் முடிந்தபின் சிறு குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். நூறுக்கு அறுபது எடுத்தால் சித்தி. கேட்டலில் சில பகுதிகளை இரண்டு தடவை போடுவார்கள், அறிவிப்புகளை ஒரே தடவைதான். எழுத்தில் ஒரு படிவம் நிரப்புவதும் முப்பது சொல் அளவில் ஒரு சின்னக் கடிதமும். பேசும்போது என்னை ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். பே, ஆ, டொப்பெல்-டே, ஈ, ட்சே, ஆ, எல், ஓ, ஆ. இரட்டித்த எழுத்துக்கு 'டொப்பெல்' என்று சொன்னால் போதும். ஏதாவது விளங்கவில்லை என்றால் 'வீ பிட்ட?' என்று கேளுங்கள். கேட்பதும் பேச்சுத்தான்.

பாஸ் பண்ணி வந்த செய்தி அயலில் பரவியதும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கலியாணம் முடித்து, கணவனோடு போய்ச் சேர முதலில் இந்த ஏ1 காட்ட வேண்டியவர்கள்தான் அதிகம். 2007இலிருந்து ஜேர்மனிச் சட்டத்தில் அந்த நிபந்தனை இருக்கிறது. இந்த ஒரு தாளுக்காக மாதக்கணக்காய்க் காத்திருப்பவர்களின் மனம் எப்படி இருக்கும் என்று அவர்கள் கொப்பியைத் திறக்கும் விதத்திலேயே தெரியும். அவசரப்படுத்தி மனப்பாடம் செய்ய வைத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அங்கே இறங்கியதும் மருந்துக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்கப்போகிற கேள்விகள் பரீட்சைத் தாளில் இருந்தபடியே வராது.

அவர்களுக்குச் சங்கடம் தருவது 'டு'வும் 'சீ'யும். நீ, நீங்கள் என்பது எங்களிடமும் இருக்கிறது, பன்மையை மரியாதையாக்குவதும் எங்கள் வழக்கம்தான். அதனால் 'சீ' சுலபம். ஆனால் அங்கே பிள்ளைகள் தாய் தகப்பனையும் அப்பம்மாவையும் 'டு' என்றுதான் கூப்பிடுவார்கள். "மாமியாரை எப்படி ரீச்சர் நீ என்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மாமியாரோடு தமிழில்தானே பேசப்போகிறாய் என்றேன். பிறகு யோசித்துச் சொன்னேன்: அவர்கள் செபத்தில் கடவுளையும் 'டு' என்கிறார்கள். நாங்களும் கோயிலில் பிள்ளையாரை நீ என்றுதானே கூப்பிடுகிறோம். நெருக்கத்துக்கும் அந்தச் சொல்தான். அவள் தலையாட்டினாள், ஆனாலும் அடுத்த நாள் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் மாமியாருக்குச் 'சீ' என்றே போட்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

அம்மாவின் முதல் முழு வசனம் 'ஹஸ்ட் டு ஷோன் கெகெஸன்?' சாப்பிட்டியா? ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அதைக் கேட்டதும் மருமகள் வாயைப் பிளந்தாள். பிறகு மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று நீளமாகச் சொன்னாள். அம்மாவுக்கு அதில் உருளைக்கிழங்கு மட்டும்தான் விளங்கியது. அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு, அம்மா வாயைத் திறக்க முன்னமே அவள் கேட்டாள்: "அப்பம்மா, சாப்பிட்டியா?" அம்மா அதற்கு எத்தனை தடவை சிரித்தார் என்று சொல்ல முடியாது.

போன ஆடியில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அவள் வந்தாள். வந்த முதல் நாள் குசினிக்குள் போய்த் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் நின்று, நீலத் தாளைத் தடவிப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். அரிவாளுக்கு நான் ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தேன். அதற்கு டொச்சில் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதித் தரும்படி அம்மாவைக் கேட்டாள். அம்மா தரையில் உட்கார்ந்து பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். கதவு. யன்னல். கத்தி. உப்பு.

சட்டிக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, தமிழும் டொச்சும் கலந்து கேட்டாள்: சட்டிக்கு முன்னால் என்ன வரும், டேரா, டீயா, டஸ்ஸா?

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சட்டிக்கு முன்னுக்கு ஒண்டும் வராது புள்ள. சட்டி, சட்டிதான்."